எப்பாவலைக் கல்லும் எங்கள் தோட்டமும்



சென்ற இதழில் வீட்டுக் கணக்குக் கொப்பி எழுதுவது பற்றிப் பேசியிருந்தோம். இம்மாத விடயமும் அந்தக் கொப்பியிலிருந்துதான் வருகின்றது. தோட்டம் செய்யும் சகோதரிகள் பலருடைய கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தால், செலவுப் பக்கத்தில் பெரிய தொகையாக நிற்பது பசளை. அதிலும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களில் அந்தத் தொகை பெரும்பாலும் கடன் வாங்கிய தொகையாகவே இருக்கின்றது. எனவே "மலிவுப் பசளை" என்று யாராவது வந்து சொன்னால் எமது காதுகள் உடனே திறந்துகொள்வது இயல்பே.

2022 ஆம் ஆண்டு சிறுபோக நேரம். விசுவமடுப் பக்கமாக ஒரு மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஒரு அக்கா என் கையைப் பிடித்துத் தன் வளவுக்குக் கூட்டிச் சென்றார். 2009 இல் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகள். கால் ஏக்கரில் வெங்காயம் வைத்திருந்தார். தாள் மெலிந்து, நிறம் மங்கி, குமிழ் கட்டாமல் நின்றது பயிர். கொட்டில் மூலையில் ஆறு உரப்பைகள் அடுக்கியிருந்தன.

"பிள்ளை, இது ரீ.எஸ்.பி. மாதிரித்தான், அரை விலை எண்டு சொல்லித்தான் லொறியில கொண்டுவந்து தந்தவங்கள். நாங்கள் ஐஞ்சு பேர் சங்கத்தில கடன் எடுத்துப் பத்துப் பை வாங்கினனாங்கள். நாலு பை போட்டும் ஒண்டையும் காணேல்லை. மிச்சத்தை என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

பையைத் திறந்து பார்த்தேன். மண்ணிறமான தூள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நான் படித்தது சமூகவியல். கடன் எப்படி ஒரு குடும்பத்தை நெரிக்கின்றது என்பது தெரியும். பசளை எப்படி வேலை செய்கின்றது என்பது தெரியாது. ஆகவே விவசாய போதனாசிரியர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் தூளைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கூடாத சாமான் இல்லை அக்கா. ஆனால் உங்கட மண்ணுக்கும் வெங்காயத்துக்கும் இதை இப்படிப் போடக்கூடாது." அன்று அவரிடமும், பின்னர் தேடிப் படித்தும் அறிந்துகொண்டதையே இங்கு எழுதுகின்றேன்.

கல்லின் கதை

பயிருக்கு முக்கியமாகத் தேவைப்படும் சத்துக்கள் மூன்று. தழைவுக்கு நைதரசன், வேருக்கும் பூவுக்கும் விதைக்கும் பொஸ்பரஸ், உரத்துக்கும் நோய் தாங்கும் சக்திக்கும் பொட்டாசியம். யூரியா முதலாவதைத் தருகின்றது. ரீ.எஸ்.பி. இரண்டாவதைத் தருகின்றது. உலகில் விற்கப்படும் பொஸ்பேற் பசளைகள் ஏறத்தாழ எல்லாமே நிலத்திலிருந்து தோண்டியெடுக்கப்படும் பொஸ்பேற் பாறையிலிருந்தே செய்யப்படுகின்றன.

அந்தப் பாறை எமது நாட்டிலும் உண்டு. அநுராதபுர மாவட்டத்தில் எப்பாவல என்னும் இடத்தில் 1971 இல் புவிச்சரிதவியல் திணைக்களத்தினர் அதனைக் கண்டுபிடித்தனர். அங்கே ஏறத்தாழ 6 கோடி தொன் பாறை இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அரசுக்குச் சொந்தமான லங்கா பொஸ்பேற் நிறுவனம் அதனை உடைத்து, அரைத்து, பையில் கட்டி விற்கின்றது. தேயிலை, இறப்பர், தென்னைத் தோட்டங்களுக்கு நீண்ட காலமாகப் போடப்பட்டு வருவது இந்தத் தூள்தான்.

இந்தப் பாறையைச் சுற்றி ஒரு வழக்கும் நடந்தது. எமக்கும் அது தெரிந்திருக்க வேண்டியது. தொண்ணூறுகளில் எப்பாவலப் பாறையை 30 ஆண்டுகளுக்கு ஓர் அமெரிக்கக் கம்பனிக்குக் கொடுக்க அரசு உடன்படிக்கையொன்றைத் தயாரித்தது. அது நடந்தால் 2,600 குடும்பங்களுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 12,000 பேர் இடம்பெயர நேரிடும் என்று கூறப்பட்டது. தாதுசேனன் என்னும் அரசன் 5 ஆம் நூற்றாண்டில் கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்கு வெட்டிய 54 மைல் நீளமான ஜய கங்கை வாய்க்காலும் பாதிக்கப்படும் நிலை இருந்தது. அவ்வூர்க்காரர் ஏழு பேர் உயர் நீதிமன்றம் சென்றனர். அவர்களுள் கமக்காரரும் இருந்தனர், ஒரு விகாராதிபதியும் இருந்தார். 2000 ஆம் ஆண்டு ஜூன் மாதம் தீர்ப்பு அவர்கள் பக்கம் கிடைத்தது. முழுமையான ஆய்வும் சூழல் தாக்க மதிப்பீடும் செய்யாமல் அந்த உடன்படிக்கையில் இறங்கக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது.

வீடு வாசலை விட்டுப் போவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிங்களக் கிராமமொன்றில் அதே பயத்தோடு இருந்த தாய்மாரை நினைத்துப் பார்க்கின்றேன். ஊர் மண்ணுக்கடியில் கிடக்கும் செல்வம் ஊராருக்கு ஆபத்தாகவும் முடியலாம், சேர்ந்து நின்றால் அதைத் தடுக்கவும் முடியும் என்பதற்கு அந்த ஏழு பேரும் சாட்சி.

சத்து இருக்கிறது, ஆனால் பூட்டியிருக்கிறது

இனி அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். கல்லுத்தூளில் பொஸ்பேற் இல்லையா? இருக்கின்றது. 50 கிலோப் பை ரீ.எஸ்.பி.யில் பொஸ்பேற் 23 கிலோ. அதே அளவு எப்பாவலத் தூளில் ஏறத்தாழ 14, 15 கிலோ. அப்படியானால் அரை விலைக்குக் கிடைத்தது இலாபந்தானே என்று தோன்றும். இங்கேதான் நாங்கள் ஏமாறுகின்றோம்.

ரீ.எஸ்.பி.யில் உள்ளது பெரும்பாலும் தண்ணீரில் கரையக்கூடியது. வேர் உடனே உறிஞ்சிக்கொள்ளும். பாறையில் உள்ளது அப்பறைற்று என்னும் கனியம். எமது பல்லும் எலும்பும்கூட இதே இனத்தைச் சேர்ந்த பொருளால் ஆனவைதான். பல் தண்ணீரில் கரைவதில்லை அல்லவா? ஆனால் இனிப்புச் சாப்பிட்டு வாய் கழுவாமல் விட்டால், வாயில் உண்டாகும் அமிலம் பட்டுப் பட்டுப் பல் அரிபடுகின்றது. பாறைத் தூளும் அப்படியே. அதைத் திறக்கும் திறப்பு அமிலம்.

மலைநாட்டுத் தேயிலை மண் புளிப்பானது. அதாவது அமிலத்தன்மை கூடியது. அங்கே மண்ணே அந்தத் திறப்பாக இருக்கின்றது. அத்துடன் தேயிலை பல ஆண்டுகள் நிற்கும் பயிர். தூள் மெல்ல மெல்லக் கரைந்தாலும் அது காத்திருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மண் நடுநிலையாகவோ காரமாகவோ இருக்கும். வன்னியிலும் பல இடங்களில் மண் நடுநிலையை ஒட்டியதே. இப்படியான மண்ணில் கல்லுத்தூள் கல்லாகவே கிடக்கும். வெங்காயமோ இரண்டு, இரண்டரை மாதப் பயிர். தூள் கரையும் வரை அது காத்திருக்காது. அந்த அக்காவின் வளவில் நடந்தது இதுதான்.

பை பொய் சொல்லவில்லை. விற்றவர் சொன்ன "ரீ.எஸ்.பி. மாதிரித்தான்" என்ற சொல்தான் பொய். அந்த நேரத்தில் அந்தச் சொல் எடுபட்டதற்கும் காரணம் உண்டு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதும், அடுத்த ஆண்டு டொலர் நெருக்கடியால் பசளை விலை எட்டாத உயரத்தில் நின்றது. கையில் எதுவும் இல்லாதபோது யாரும் எதையும் நம்புவோம். அதற்காக அந்த ஐந்து பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அமிலத்தை நாங்களே ஊற்றினால் என்ன?

கூட்டத்தில் ஒரு தங்கச்சி இப்படிக் கேட்டாள்: "அமிலந்தான் திறப்பு எண்டால், பற்றரி அமிலத்தை இதுக்குள்ள ஊத்தினால் சரிதானே, மிஸ்?" புத்தியான கேள்வி. தொழிற்சாலைகளில் நடப்பதும் ஏறத்தாழ அதுவே. 1842 இல் இங்கிலாந்தில் லோஸ் என்பவர் சல்பூரிக் அமிலத்தைப் பயன்படுத்திச் சுப்பர் பொஸ்பேற் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். பொஸ்பேற் பசளைத் தொழில் அப்படித்தான் வளர்ந்தது.

ஆனால் சகோதரிகளே, வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம். சல்பூரிக் அமிலம் தோலையும் கண்ணையும் எரித்துவிடும். பாறையோடு சேரும்போது சூடு கிளம்பும், நெஞ்சை அரிக்கும் நச்சு வாயுவும் வரும். பழைய பற்றரி அமிலத்தில் ஈயம் கலந்திருக்கும். அது தோட்டத்துக்குப் போனால் பிள்ளைகளின் கோப்பைக்கு வந்து சேரும். ஒரு பை பசளைக்காகக் கண்ணைக் கொடுக்க முடியாது.

எருக்கும்பம் என்னும் திறப்பு

ஆபத்தில்லாத வேறொரு திறப்பு எமது வளவிலேயே இருக்கின்றது. குழையும் சாணமும் உக்கும்போது அவற்றிலுள்ள பற்றீரியா, பங்கசு போன்ற நுண்ணுயிர்கள் மென்மையான அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைந்த சத்தை நுண்ணுயிர்கள் தம் உடலில் சேர்த்து வைத்துப் பின்னர் மண்ணுக்குக் கொடுக்கும். இந்தியாவில் இராஜஸ்தான் மாநிலத்தின் உதய்ப்பூர்ப் பக்கத்திலும் பொஸ்பேற் பாறைச் சுரங்கம் உண்டு. மிக நுண்ணியதாக அரைத்த பாறைத் தூளைச் சேதன எருவோடு சேர்த்து உக்க வைத்த பசளையை 2012 இல் இந்திய அரசு தனது பசளைக் கட்டுப்பாட்டு ஒழுங்கில் சேர்த்துக்கொண்டது. எனவே இது வெறும் கைவைத்தியம் அல்ல.

போதனாசிரியர் சொல்ல, நாங்கள் செய்த முறை இது:

1. மழைநீர் தேங்காத, நிழலான இடம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். நாலு அடி அகலம் போதும். நீளம் உங்களிடம் உள்ள குப்பையைப் பொறுத்தது.

2. முதலில் வைக்கோல், காய்ந்த சருகு போன்றவற்றை அரை அடிக்குப் பரப்புங்கள். அதன்மேல் பச்சைக் குழை. சீமைக்கிளுவை, பூவரசு, சணல் எதுவும் நல்லது. முற்றிய தடிகளை நீக்கிச் சிறிதாக வெட்டிப் போட்டால் விரைவில் உக்கும்.

3. அதன்மேல் கல்லுத்தூளைத் தூவுங்கள். 10 கிலோ காய்ந்த குப்பைக்கு 1 கிலோ தூள் என்பது எங்கள் கணக்கு. தூள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நல்லது. தூவும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். தூளைச் சற்று ஈரமாக்கினால் பறக்காது.

4. மாட்டுச் சாணத்தைக் கரைத்து மேலே தெளியுங்கள். பழைய எரு ஒரு கடகம் போட்டால் நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகும். ஆட்டெரு, கோழி எரு இருந்தால் அவற்றையும் சேருங்கள். கோழி எருவில் பொஸ்பரஸ் இயல்பாகவே கூட.

5. இப்படி அடுக்கடுக்காக மூன்று, நாலு அடி உயரம் வரை கட்டிக் கிடுகாலோ கறுப்புப் பொலித்தீனாலோ மூடுங்கள். மாரி மழையில் திறந்து கிடந்தால் சத்து கழுவுப்பட்டுப் போகும்.

6. இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டுங்கள். கையால் பிழிந்தால் ஈரம் தெரியவேண்டும், தண்ணீர் வடியக்கூடாது. மூன்று நாலு மாதத்தில் கறுத்து, பொலபொலவென்று மண்வாசனையோடு இருக்கும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் இந்தக் கும்பத்துக்குள் வேண்டாம். அவை அமிலத்தை முறித்துவிடும். சாம்பலைத் தனியே வைத்துப் பின்னர் பயிருக்குப் போடலாம். அடுத்தது மிக முக்கியம். மிதிவெடி அகற்றப்பட்டது என்று உறுதிப்படுத்தப்படாத காணிகளுக்கும் பற்றைகளுக்கும் குழை வெட்டப் போகாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். வேலியில் நட்ட சீமைக்கிளுவையே போதும்.

கும்பம் புரட்டுவது பாரமான வேலை. உடம்பில் செல் துண்டுகளோடு வாழும் சகோதரிகள், கையோ காலோ இயலாதவர்கள் தனியே இதைச் செய்ய வேண்டாம். உயரத்தைக் குறைத்துச் சிறு கும்பங்களாகக் கட்டலாம். அல்லது சங்கத்தில் முறை வைத்துப் புரட்டலாம். விசுவமடுவில் ஐந்து பேரும் ஞாயிறு பின்னேரங்களில் ஒரு வளவில் கூடிச் செய்தார்கள். தேத்தண்ணியும் கதையுமாக வேலை முடிந்தது. மனப்பாரமும் சற்றுக் குறைந்தது என்று பிறகு சொன்னார்கள்.

என்ன கிடைத்தது?

உண்மையைச் சொல்லவேண்டும். ஆறு பையும் ஒரேயடியாக எருவாகிவிடவில்லை. குப்பை போதவில்லை. இரண்டு பையைக் கும்பத்தில் போட்டார்கள். மிச்சத்தை அடுத்தடுத்த கும்பங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு வெங்காயத்துக்கு அந்த எருவை அடியில் போட்டு நட்டார்கள். குமிழ் நன்றாகக் கட்டியது. அது கல்லுத்தூளாலா, எருவாலா என்று பிரித்துச் சொல்ல எங்களுக்கு வழியில்லை. எரு மட்டும் போட்டிருந்தாலும் மண் தேறியிருக்கும். ஆனால் வீணாய்ப் போகவிருந்த கடன் காசு கொஞ்சமாவது மண்ணுக்குப் பயன்பட்டது. சங்கக் கடனைத் தவணை நீட்டித்துத்தான் கட்டி முடித்தார்கள்.

அதைவிடப் பெரிய இலாபம் ஒன்று கிடைத்தது. அடுத்த முறை லொறி வந்தபோது அந்த அக்கா வாசலில் நின்று கேட்ட கேள்விகள்தான் அது. அவற்றை உங்கள் கொப்பியிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: எனது மண்ணுக்குப் பொஸ்பரஸ் தேவையா? பல ஆண்டுகள் பசளை போட்டுவந்த காணிகளில் முன்பு போட்டது தேங்கி நிற்கலாம். அப்படியான மண்ணுக்கு மேலும் வாங்கிப் போடுவது காசைக் கொட்டுவதாகும். கமநல சேவை நிலையத்தில் உங்கள் பகுதி விவசாய போதனாசிரியரைக் கண்டு மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆண் துணையோடுதான் போகவேண்டும் என்றில்லை.

இரண்டு: பையில் என்ன எழுதியிருக்கின்றது? பொஸ்பேற் எத்தனை வீதம் என்று மட்டும் பார்க்காதீர்கள். கரையக்கூடியது எவ்வளவு என்று கேளுங்கள். எழுத்தில்லாத பையை வாங்காதீர்கள்.

மூன்று: தண்ணீரில் என்ன நடக்கின்றது? ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கி இரவு முழுவதும் வையுங்கள். ரீ.எஸ்.பி. உருண்டைகள் ஊறி உடைந்து பெரும்பகுதி கரையும், சிறிது கசடு மிஞ்சும். கல்லுத்தூள் அப்படியே அடியில் படிந்து கிடக்கும். இது முடிவான பரிசோதனை அல்ல. ஆனால் இரண்டும் ஒன்றே என்று சொல்பவரின் வாயை அடைக்க இது போதும்.

நான்கு: என்ன பயிருக்கு? தென்னை போல நின்று பயன் தரும் மரங்களுக்கு எப்பாவலத் தூள் பசளைக் கலவைகளில் சேர்க்கப்படுகின்றது. உங்கள் வளவுத் தென்னைக்கு எவ்வளவு என்று கேட்டுப் போடலாம். வெங்காயம், மிளகாய், கத்தரி போன்ற குறுங்காலப் பயிர்களுக்கு நேரடியாகப் போடாதீர்கள்.

ஐந்து: கடன் எடுத்து வாங்குவதாயின், முதலில் ஒரு பாத்தியில் போட்டுப் பார்த்தோமா? ஒரு பையில் தெரிந்துகொள்ளக்கூடியதைப் பத்துப் பையில் தெரிந்துகொள்ள வேண்டாம்.

சகோதரிகளே, 1990 களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பசளைப் பையைக் காணாமலே குழை தாழ்த்தி, எரு போட்டு, குடும்பத்துக்குச் சோறு போட்டவர்கள் உங்கள் தாய்மார். உங்களில் பலர் அவர்களோடு அந்தத் தோட்டங்களில் நின்றவர்கள். அந்த அறிவு எங்கும் போய்விடவில்லை. புதிதாக வரும் எந்தப் பொருளையும் அந்த அறிவோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். மலிவு என்பது கொடுத்த காசைக் கொண்டு அளப்பதல்ல. பயிருக்குப் போய்ச் சேர்ந்ததைக் கொண்டு அளப்பது.

அந்த அக்காவைச் சென்ற மாதம் சந்தித்தேன். "பிள்ளை, கடைசிப் பையையும் கும்பத்தில போட்டாச்சு. இனி உரப்பை வெறும் பை. விதை வெங்காயம் கட்டி வைக்க உதவும்" என்றார்.

உங்கள் தோட்ட அனுபவங்களையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில், கூட்டுக் கடனுக்குப் பிணை நிற்பதற்கு முன் கேட்கவேண்டியவை பற்றிப் பேசுவோம்.